இருமுனைக் கோளாறு சிகிச்சை: எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கைவைக்கவே கூடாது?

மூத்தவள்

வணக்கம். என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு, பைபோலார் என்று சொல்வார்களே, அது. ஆரம்பத்தில் வெறும் மனச்சோர்வு என்று சொல்லி அதற்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் பேசிக்கொண்டும், கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறேன் என்று ஓடிக்கொண்டும் இருந்தபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. இப்போது லித்தியம், இரவில் குவெட்டியாபின், தூக்கத்துக்கு ஒன்று, நரம்புக்கு என்று ஒன்று, இரண்டு வைட்டமின் மாத்திரைகள். நிலையாக இருக்கிறான். வேலைக்கும் போகிறான்.

பணம்தான் பிரச்சினை. மாதாமாதம் மருத்துவர் கட்டணம், மாத்திரை, ரத்தப் பரிசோதனை, போக வரச் செலவு, அன்றைக்கு எனக்கும் அவனுக்கும் போகிற சம்பளம். தாங்க முடியவில்லை. வீட்டில் பெரியவர்கள், "நன்றாகத்தானே இருக்கிறான், மாத்திரையைப் பாதியாக்கினால் என்ன?" என்கிறார்கள். எனக்கு அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டுப் பணத்துக்கு எங்கே போவது?

இதைக் கடந்து வந்தவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி (மருந்தாளுநர்)

சகோதரி, கடைசியாக வாங்கிய பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அநேகமாக லித்தியத்துக்கு நேரே இருக்கிற தொகை சிறியதாகத்தான் இருக்கும். லித்தியம் ஒரு தனிமம், இயற்கையில் உப்பாகக் கிடைப்பது. அதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. இந்த நோய்க்கு இன்றுவரை முதல் வரிசையில் நிற்கும் மருந்தும் அதுதான், மலிவான மருந்தும் அதுதான். பில்லை ஏற்றுவது பெரும்பாலும் மற்றவை.

அடுத்த முறை மருத்துவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தச் சீட்டில் எது இல்லாமல் முடியாது, எதை நிறுத்தலாம்? மருந்தின் மூலப்பெயரிலேயே எழுதித் தர முடியுமா? குவெட்டியாபினைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வெகுவாக மாறும். வைட்டமின் மாத்திரைகளைப் பொறுத்தவரை, ரத்தத்தில் குறைபாடு இருப்பது தெரிந்து எழுதியிருந்தால் சரி. இல்லாவிட்டால் தேவையா என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. லித்தியத்தில் மட்டும் நீங்களாகவோ கடைக்காரராகவோ தயாரிப்பை மாற்றக் கூடாது. சாதாரண மாத்திரையும் மெதுவாகக் கரையும் மாத்திரையும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மாத்திரையாக வரும் கார்பனேட்டும் திரவமாக வரும் சிட்ரேட்டும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமல்ல. மாற்றியே ஆக வேண்டுமென்றால் மருத்துவருக்குத் தெரிந்து மாற்றி, மறுபடியும் ரத்த அளவு பார்க்க வேண்டும்.

கரையோரம்

நான் வேறு மாதிரி சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லித்தியம் மலிவு என்று எல்லோரும் பாராட்டுகிறீர்கள். என் சித்தப்பாவுக்கு அதை வருடக்கணக்கில் கொடுத்துச் சிறுநீரகம் போயிற்று. கடைசி நாட்களில் டயாலிசிஸ். எங்கள் குடும்பத்துக்கு அந்த மலிவு மருந்துதான் எல்லாவற்றையும்விட அதிக விலை வைத்தது. தம்பி நன்றாக இருந்தால் மெல்ல நிறுத்திவிடுவதுதான் உடம்புக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது என்பது என் கருத்து.

நீலவானம்

கரையோரம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நிறுத்திப் பார் என்று ஒரு குடும்பத்திடம் சொல்வதற்குமுன் யோசியுங்கள். எனக்கும் இதே நோய். "நன்றாக இருக்கிறாயே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று என்னிடமும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மாத்திரை இருப்பதால்தான் நான் நன்றாக இருக்கிறேன். இந்த நோயில் மிக அதிகச் செலவு வைப்பது மறுபடி வரும் ஒரு மேனியாதான், அதாவது மூத்தவளின் தம்பிக்கு வந்தது போன்ற தூக்கமில்லாத அதீத வேக நிலை. வேலை போகும், கடன் வரும், உறவுகள் முறியும், மருத்துவமனையில் சேர வேண்டிவரும். அந்த ஒரு முறைக்கு ஆகிற செலவில் பல வருட மாத்திரை வாங்கிவிடலாம்.

உளநலன் (மனநல மருத்துவர்)

இங்கே யாருக்கும் மாத்திரை அளவு சொல்ல மாட்டேன், அது நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் கரையோரம் எழுப்பிய கேள்வி முக்கியமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

லித்தியம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பது உண்மை. 10, 20 ஆண்டுகள் எடுப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெதுவாகக் குறைகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது செயலிழப்புவரை போவதில்லை. அளவு மீறி நச்சு நிலைக்குப் போய்வந்தவர்களுக்கும், கண்காணிப்பே இல்லாமல் எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. தைராய்டு சுரப்பு குறையலாம், கால்சியம் கூடலாம். இவை எல்லாமே பரிசோதனையில் முன்கூட்டியே தெரியக்கூடியவை.

இந்த மருந்தின் வரலாறே அதைத்தான் சொல்கிறது. 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் மேனியாவில் இருந்த 10 பேருக்கு லித்தியம் கொடுத்து, கிடைத்த பலனை எழுதினார். அவர் முதலில் மீட்டெடுத்த நோயாளியே அடுத்த ஆண்டு லித்தியம் நச்சேறி இறந்தார். அதே 1949-ல் அமெரிக்காவில், சாதாரண உப்பைத் தவிர்க்க வேண்டிய இதய நோயாளிகளுக்கு மாற்று உப்பாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடால் சாவுகள் நேர்ந்து, அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை பரவிய பிறகுதான் பயம் விலகியது. அமெரிக்காவில் மேனியாவுக்கு அது அனுமதி பெற்றது 1970-ல். மருந்து மாறவில்லை, அளந்து கொடுக்கும் வழி வந்தது. அளக்காமல் கொடுக்கப்படும் லித்தியத்தை நானும் ஆதரிக்க மாட்டேன்.

அப்புறம், நிறுத்துவது பற்றி. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். மருத்துவக் காரணத்தால் நிறுத்தியே ஆக வேண்டுமென்றாலும் குறைந்தது 4 வாரங்கள், முடிந்தால் 3 மாதங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். நச்சு நிலை போன்ற அவசரம் மட்டும் விதிவிலக்கு. லித்தியம் தற்கொலை ஆபத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சான்றும் இருக்கிறது. நோய் திரும்புவதைத் தடுப்பதில் வால்புரோயேட் என்ற இன்னொரு மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிட லித்தியம் எடுத்தவர்கள் நன்றாக இருந்ததை 330 பேரைக் கொண்டு நடத்திய 'பேலன்ஸ்' ஆய்வு 2010-ல் காட்டியது.

மூத்தவள், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்: பாதியாக்குவது சேமிப்பு ஆகாது. பாதி அளவில் மருந்து வேலை செய்யாமல் போகலாம், பக்கவிளைவு மட்டும் மிஞ்சலாம்.

மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. சார், பரிசோதனைதான் எங்களுக்குப் பெரிய செலவு. ஆய்வகத்தில் கேட்டால் முழு உடல் பேக்கேஜ் எடுங்கள், அதில் எல்லாம் வந்துவிடும் என்கிறார்கள். அதில் எது அவசியம், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா?

இரவுப்பணி (மனநலப் பிரிவுச் செவிலியர்)

நான் சொல்கிறேன் மா. முழு உடல் பேக்கேஜ் வேண்டாம்.

லித்தியத்துக்கு அவசியமானவை: ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கால்சியம். தொடங்கியதும், ஒவ்வொரு முறை அளவு மாற்றியதும், ஒரு வாரம் கழித்து லித்தியம் அளவு பார்ப்பார்கள், நிலைப்படும்வரை வாராவாரம். நிலைப்பட்ட பிறகு முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு, வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை போதும். கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் மூன்றும் 6 மாதத்துக்கு ஒரு முறை. வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கூடவே வேறு மருந்து எடுப்பவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். குவெட்டியாபின் எடுப்பதால் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு நான்கையும் கவனிக்க வேண்டும். எடையும் ரத்த அழுத்தமும் பார்க்க ஆய்வகம் தேவையில்லை.

ரத்தம் கொடுக்கும் நேரம் முக்கியம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடும் முன்பு எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். காசும் வீண், ஆளுக்கும் ஆபத்து. தொடர் சிகிச்சையில் பொதுவாக எதிர்பார்க்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நச்சு ஆபத்து. ஆனால் அதற்குக் கீழேயே அறிகுறி வருபவர்களும் உண்டு, எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பாருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ரத்தம் எடுக்கும் குழாய்களில் ஒரு வகையில் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பார்கள். அதில் ரத்தம் எடுத்தால் குழாயில் இருக்கிற லித்தியமும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், நன்றாக நடந்து பேசிக்கொண்டிருந்தவரின் அளவு மிக அதிகமாக வந்து அவசரச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்தார்கள். குழாயை மாற்றி எடுத்ததும் அளவு சரியாக வந்தது. லித்தியம் பார்க்க வந்திருக்கிறோம் என்று ரத்தம் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை: கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம், குழப்பம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அதிக வியர்வையில் உடம்பில் நீர் குறைந்தாலும் லித்தியம் ஏறும். திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ஏறும். உப்பும் தண்ணீரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மாத்திரைப்பெட்டி

இரவுப்பணி சொன்னதோடு வலி மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை லித்தியம் அளவை ஏற்றிவிடும். முட்டி வலி, பல் வலி என்று வந்து சீட்டில்லாமல் வாங்கிப்போகிறவர்கள் லித்தியம் எடுப்பதைச் சொல்வதே இல்லை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்த மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில் வகையும், லோசார்டன் வகையும், தையசைடு வகை நீர் மாத்திரைகளும் அளவைக் கூட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக லித்தியத்தைச் சொல்லுங்கள்.

கரையோரம்

இரவுப்பணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்று கேட்கிறேன். என் சித்தப்பாவுக்கு இந்த லித்தியம் அளவு பரிசோதனையை யாரும் எடுக்கச் சொன்னதாக எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஒரே சீட்டை வைத்துக்கொண்டு கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். மூட்டு வலிக்கும் மாத்திரை எடுத்தார். மருத்துவரிடம் போக ஒரு நாள் முழுக்க ஆகும், அதனால் போகவில்லை. அப்படியானால் அவர் சிறுநீரகத்தைக் கெடுத்தது எது?

உளநலன்

அவருடைய பதிவேடுகளைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வேறு நோய்களும் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் விவரிக்கும் மூன்றும் சேர்ந்தால், அதாவது அளவு பார்க்காத லித்தியம், கூடவே வலி மாத்திரை, ஆண்டுக்கணக்கில் மருத்துவரைப் பார்க்காமை, நான் மிகவும் பயப்படும் சூழ்நிலை அதுதான். உங்கள் சித்தப்பாவுக்கு மருந்து எட்டியது, மருத்துவம் எட்டவில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

தராசு (பொதுச் சுகாதாரத் துறை)

உளநலன் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எழுத நினைத்தேன். மலிவான சிகிச்சை என்றதும் எல்லோரும் மாத்திரை விலையையே பேசுகிறோம். அது பாதிக் கதைகூட இல்லை.

2019-ல் உலகம் முழுவதும் சுமார் 4 கோடிப் பேருக்கு இருமுனைக் கோளாறு இருந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. லித்தியம், வால்புரோயேட், கார்பமாசெபின் மூன்றும் அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கின்றன. பட்டியலில் இருப்பது வேறு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருப்பது வேறு. அரசுகள் தங்கள் சுகாதாரப் பணத்தில் மனநலத்துக்கு ஒதுக்குவது சராசரியாக 2 சதவீதம் அளவுக்குத்தான். அந்த இரண்டிலும் பெரும் பங்கு பெரிய மனநல மருத்துவமனைகளுக்குப் போய்விடுகிறது. நோயாளி வாழ்கிற இடத்துக்கு வந்துசேர்வது கொஞ்சம்.

லித்தியத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. லாபம் குறைவு என்பதால் அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. அளவு பார்க்கும் வசதி இல்லாத இடங்களில் மருத்துவர்களும் அதை எழுதத் தயங்கி, விலை கூடிய வேறொன்றை எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு நாட்டில் லித்தியம் எட்ட வேண்டுமென்றால் முதலில் எட்ட வேண்டியது ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நோயாளிக்கு அருகிலேயே ரத்தம் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்ய முடிந்த நமக்கு, இதற்கும் மாதிரியைச் சேகரித்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவைக் கைபேசியில் வாங்கும் ஏற்பாட்டைச் செய்ய முடியாதா?

இரண்டாவது, ஆள். எல்லோரையும் மனநல மருத்துவரே மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றால் எந்த நாட்டிலும் ஆள் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தொடங்கிய 'எம்.எச்.கேப்' திட்டத்தின் கருத்து எளிமையானது: பொது மருத்துவர், செவிலியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோருக்குப் பயிற்சி கொடுத்து மனநலச் சிகிச்சையை ஆரம்ப நிலையிலேயே கொடுப்பது. இருமுனைக் கோளாறில் நோயைக் கண்டறிவதும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் நிபுணர் வேலை. நிலைப்பட்டவருக்குச் சீட்டைப் புதுப்பிப்பது, ரத்தம் பார்ப்பது, தூக்கம் எப்படி என்று கேட்பது எல்லாம் வீட்டுக்கு அருகில் நடக்கலாம். மூத்தவள் இழக்கும் அந்த ஒரு நாள் சம்பளம் எந்தத் திட்ட அறிக்கையிலும் சிகிச்சைச் செலவாக எழுதப்படுவதில்லை. குடும்பங்கள் சிகிச்சையைக் கைவிடுவது அங்கேதான்.

மூன்றாவது, கண்டுபிடிக்க ஆகும் காலம். முதல் அறிகுறிக்கும் சரியான சிகிச்சைக்கும் இடையில் சராசரியாக ஏறத்தாழ 6 ஆண்டுகள் போகின்றன என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. காரணம் எளிதில் விளங்கும். அமெரிக்காவில் 146 பேரைச் சுமார் 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் மேனியாவில் கழித்த காலத்தைப்போல மூன்று மடங்கு காலத்தை மனச்சோர்வில் கழித்திருந்தார்கள். சோர்ந்திருக்கும்போதுதான் ஆள் மருத்துவரிடம் போகிறார். உற்சாகமாக இருந்த நாட்களை நோயென்று அவரும் நினைப்பதில்லை, வீட்டாரும் சொல்வதில்லை. மனச்சோர்வு மருந்து மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டுச் சிலருக்கு அதுவே மேனியாவைத் தூண்டிவிடுகிறது. மூத்தவளின் தம்பிக்கு நடந்தது போலத்தான் இருக்கிறது. மனச்சோர்வு என்று வரும் ஒவ்வொருவரிடமும், "தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், பேச்சும் வேகமும் கூடி, வழக்கத்துக்கு மாறாக இருந்த நாட்கள் உண்டா?" என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். கூட வந்திருக்கும் குடும்பத்தாரிடமும் கேட்க வேண்டும்.

நீலவானம்

தராசு எழுதியது அருமை. ஆனால் இழை முழுக்க மருந்தும் ரத்தமுமாகவே போகிறது. மாத்திரை மட்டுமே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

2003-ல் பார்சிலோனாவில் ஃபிரான்செஸ்க் கொலோம், எடுவார்ட் வியேட்டா குழுவினர் நிலையாக இருந்த 120 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் மருந்து உண்டு. ஒரு குழுவுக்கு 21 அமர்வுகளில் நோயைப் பற்றிக் கற்றுக்கொடுத்தார்கள்: அறிகுறியை முன்கூட்டியே கண்டுகொள்வது, மாத்திரையை ஒழுங்காக எடுப்பது, தூக்கத்தையும் அன்றாட வழக்கத்தையும் காப்பது. மற்ற குழு வெறுமனே கூடிப் பேசியது. கற்றுக்கொண்ட குழுவில் நோய் திரும்புவது குறைந்தது. 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. நோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து பயிற்சி பெற்ற ஒருவரிடம் கற்றுக்கொள்வதுதான் அது. இதைவிடக் குறைந்த செலவில் எந்தச் சிகிச்சையைக் கொடுக்க முடியும்? ஏன் எங்கேயும் கிடைப்பதில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூத்தவள், தம்பி நன்றாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். மேனியா தொடங்கும்போது அவருக்கு முதலில் மாறுவது எது? எனக்குத் தூக்கம். இரண்டு இரவு தூங்காமலும் களைப்பில்லாமல் இருந்தால் மருத்துவரை அழைப்பது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன், என் துணைவருக்கும் அது தெரியும். பணத்தைப் பற்றியும் எழுதுங்கள். பெரிய தொகை எடுப்பதற்கு இன்னொருவர் கையொப்பம் வேண்டும் என்பது போன்ற ஏற்பாட்டை அவரே, அவர் சம்மதத்தோடு, நலமாக இருக்கும்போது செய்ய வேண்டும். நீங்கள் அவர்மீது திணித்தால் நிற்காது. மேனியாவில் வாங்கும் கடன்தான் பல குடும்பங்களைச் சிகிச்சைக்கே பணமில்லாமல் ஆக்குகிறது.

சோர்வான நாட்களுக்கும் தனியாக எழுதுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் யாரிடம் சொல்வார், எந்த மருத்துவமனைக்குப் போவது என்பது அதில் இருக்கட்டும். அந்தப் பேச்சை எடுத்தால் எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. நேராகக் கேட்டால் மனம் லேசாகிறது, என் அனுபவம் அதுதான்.

வெண்பனி

எனக்கும் ஒரு கேள்வி. செலவு குறைவு என்று எனக்கு வால்புரோயேட் எழுதியிருக்கிறார்கள், நன்றாகவே கேட்கிறது. திருமணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். அதைப்பற்றி மருத்துவமனையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தொடரலாமா?

உளநலன்

வெண்பனி, குழந்தைக்கு முயல்வதற்கு முன்பே, முடிந்தால் இந்த வாரமே, மருத்துவரைப் பாருங்கள். வால்புரோயேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10-ல் ஒருவருக்கு முதுகுத்தண்டுப் பிளவு போன்ற பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. 100-ல் 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், மன வளர்ச்சியில் சிக்கல் வரலாம். ஃபோலிக் அமிலம் எடுத்தால் இந்த ஆபத்து நீங்கிவிடாது. அதனால்தான் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கு வேறு வழி இருக்கும்வரை இதைக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்துக்கு ஒழுங்காக மாறி, சில மாதம் நிலையாக இருந்து, அப்புறம் கருத்தரிப்பதுதான் உங்களுக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. அதுவரை கருத்தடையில் கவனமாக இருங்கள். குவெட்டியாபின், லாமோட்ரிஜின், சில பெண்களுக்கு லித்தியம்கூட, பரிசீலிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் இந்த நோய்க்கு மிக ஆபத்தான காலம், ஆகவே மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி நீங்கள் வலியுறுத்துங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே மலிவு மருந்து என்று அலமாரியில் வால்புரோயேட்டை மட்டும் நிரப்பி வைப்பது பெண்களுக்குச் செய்யும் அநீதி.

தராசு

முழுமையாக உடன்படுகிறேன். கார்பமாசெபினிலும் இப்படி ஒன்று உண்டு. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அது தோலும் வாயும் வெந்து உரியும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆசிய வம்சாவளியினரில் பல பிரிவினரிடம் இந்த மரபணு கூடுதலாகக் காணப்படுகிறது. சாதாரணக் கருத்தடை மாத்திரையையும் கார்பமாசெபின் வலுவிழக்கச் செய்யும். வாங்கும் மருந்துப் பட்டியலைத் தீர்மானிப்பவர்கள் விலையை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தவறிவிடும்.

மூத்தவள்

நேற்று தம்பியோடு மருத்துவரிடம் போய்வந்தேன். பில்லைக் காட்டி மாத்திரைப்பெட்டி சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டேன். வைட்டமின் இரண்டையும், நரம்பு மாத்திரையையும் எடுத்துவிட்டார். தூக்க மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம் என்றார். லித்தியத்தில் மாற்றம் இல்லை. மீதியை மூலப்பெயரில் எழுதினார். தம்பி நிலையாக இருப்பதால் மூன்று மாதத்துக்குச் சீட்டு, நடுவில் ஒரு முறை தொலைபேசியில் பேசினால் போதும் என்றார்.

வீட்டுக்கு அருகில் உள்ள அரசு சுகாதார நிலையத்தில் லித்தியம் இல்லை, அதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. நீலவானம் சொன்ன தாளைத் தம்பியே எழுத ஆரம்பித்துவிட்டான். பணத்தைப் பற்றிய வரியில் மட்டும் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம், இன்னும் முடியவில்லை.

தராசு

சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கூடவே உங்கள் மனநல மருத்துவரிடம், 'இவர் நிலையாக இருக்கிறார், இந்த மருந்து, இந்த அளவு, இத்தனை மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை, இந்த நிலையில் என்னிடம் திருப்பி அனுப்பவும்' என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி இணையுங்கள். பொது மருத்துவர்கள் தயங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரி இல்லாததால்தான். அதே மருந்து தேவைப்படும் இன்னும் சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போனால், மருந்து வரவழைப்பது அவர்களுக்கும் எளிது. தேவை கணக்கில் வராத மருந்தை எந்தக் கிடங்கும் அனுப்பாது.

மாத்திரைப்பெட்டி

மூன்று மாத மருந்து வீட்டில் இருக்கப் போகிறது என்பதால் ஒன்று சொல்கிறேன். லித்தியம் ஒரே நேரத்தில் அதிகம் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. தம்பியிடம் பேசி, மொத்தத்தை நீங்கள் வைத்துக்கொண்டு வாராவாரம் மட்டும் எடுத்துக் கொடுங்கள். சோர்வான காலம் தொடங்குவது போல் தெரிந்தால் குறைந்த நாட்களுக்கு மட்டும் வாங்குங்கள்.

கரையோரம்

என் அத்தை மகளுக்கும் லித்தியம்தான் கொடுக்கிறார்கள் என்று போன வாரம்தான் தெரியவந்தது. கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தாய் என்று கேட்டேன், ஞாபகமில்லை என்றாள். திங்கட்கிழமை காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரவுப்பணி, அந்தக் குழாயை வெளியிலிருந்து பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

இரவுப்பணி

மூடி பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும் தம்பி. ஆனால் பச்சை மூடியில் சோடியம் ஹெப்பாரின் குழாயும் உண்டு, நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். குழாயின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பொருளும் சேர்க்காத சிவப்பு மூடிக் குழாயில் எடுத்தால் சிக்கல் இல்லை. அப்படியே கிரியாட்டினினும் தைராய்டும் அதே குத்தலில் எடுத்துவிடுங்கள், இரண்டாவது முறை போக வேண்டியிருக்காது.

புதியவன்

இழையை இன்றுதான் படித்தேன். எனக்கு லாமோட்ரிஜின். கையில் பணமில்லாமல் இரண்டு வாரமாக வாங்கவில்லை. இன்று சம்பளம் வந்தது. பழைய அளவிலேயே தொடங்கலாமா?

மாத்திரைப்பெட்டி

வேண்டாம். இது முக்கியம், தயவுசெய்து இன்றே மருத்துவரை அழையுங்கள். லாமோட்ரிஜினில் சில நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால் பழைய முழு அளவுக்கு நேராகத் திரும்பக் கூடாது. ஆரம்பத்தில் ஏற்றியது போலவே சிறிய அளவிலிருந்து வாரக்கணக்கில் மறுபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரும் ஆபத்து கூடுகிறது. கூட வால்புரோயேட் எடுத்தால் இன்னும் மெதுவாக ஏற்றுவார்கள், அதையும் சொல்லுங்கள். உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த முறை பணம் இல்லையென்றால் மாத்திரை தீர்வதற்கு முன்பே மருந்தாளுநரிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்கு மட்டும் வாங்கிச் சமாளிக்கலாம், இடைவெளி விடக் கூடாது.